சிபில் கெட்டுப்போன பிறகு பெங்களூரில் வீட்டுக்கடன் வாங்க

கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் குறைவு என்று தெரிந்ததும் இந்த வங்கி இல்லாவிட்டால் அந்த வங்கி என்று ஐந்தாறு இடத்தில் விண்ணப்பம் போட்டு வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் இன்ன வங்கி எடுத்துப் பார்த்தது என்று உங்கள் கடன் ரிப்போர்ட்டில் ஒரு பதிவு விழும், அடுத்தவர் அதைப் பார்த்து "இத்தனை பேர் ஏன் கொடுக்கல?" என்றுதான் யோசிப்பார். நீங்களே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. இந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் கம்பெனிகளான சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தந்தாக வேண்டும். நான்கையும் எடுங்கள்.

மேலே இருக்கும் அந்த மூன்று இலக்க எண்ணை விடுங்கள். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாசவாரியாகக் கட்டங்கள் இருக்கும். 000 என்றால் பாக்கி இல்லை, 030, 060 என்றால் அத்தனை நாள் தாமதம். எனக்கு வரிசையாக 000 தான், ஆனால் ஒரு பழைய கிரெடிட் கார்டுக்கு எதிரே மட்டும் 'செட்டில்டு', அதாவது முழுசாகக் கட்டாமல் முடித்த கணக்கு. அல்சூரில் வாடகைக்கு இருந்தபோது வேலை போய், 62,000 பாக்கிக்கு 35,000 கட்டினால் கணக்கு முடிந்தது என்று வசூலுக்கு வந்தவர் சொன்னதை நம்பிக் கட்டிவிட்டு, கார்டை கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். அன்றைக்கு விட்டுக்கொடுத்த 27,000 தான் ஐந்து வருஷம் கழித்து வீட்டுக்கடனை மறித்தது. உங்களுக்கும் அப்படி இருந்தால் மீதியைக் கட்டி 'குளோஸ்டு' என்று மாற்றச் சொல்லுங்கள், ஆனால் மாற்றித் தருகிறோம் என்று மின்னஞ்சல் வந்த பிறகே பணம் கட்டுங்கள். பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள்.

வாங்காத கடனோ, அடைத்தும் அடைக்காததாகக் காட்டும் கடனோ இருந்தால் அந்த ரிப்போர்ட் கம்பெனியிடம் புகார் போடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பணம் கொடுங்கள், பதினைந்தே நாளில் ஸ்கோரை 750 ஆக்குகிறேன் என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கடன் கொடுத்தவர் சொல்லாமல் ரிப்போர்ட்டில் இருக்கும் வரியை யாராலும் மாற்ற முடியாது.

அப்புறம் காத்திருக்கத்தான் வேண்டும். ஃபிக்சட் டெபாசிட்டை வைத்து ஒரு கார்டு வாங்கி, லிமிட்டில் கால்வாசிக்கு மேல் தொடாமல், ஆறு மாசமோ ஒரு வருஷமோ தேதி தவறாமல் கட்டி வாருங்கள்.

விண்ணப்பிக்கும்போது சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிடமே முதலில் போங்கள். மனைவிக்கோ கணவருக்கோ நல்ல ஸ்கோரும் வருமானமும் இருந்தால் கூட்டு விண்ணப்பம் போடலாம். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்றிருந்தாலும் நீங்கள் 70 கேளுங்கள், கையிலிருந்து அதிகம் போடுகிறவரிடம் வங்கிக்குப் பயம் குறைவு. அங்கும் நடக்காவிட்டால் ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி, அங்கே வட்டி கடிக்கும். 30 லட்சம், 20 வருஷம் என்றால் 8.5 சதவீதத்தில் மாசம் சுமார் 26,000, அதுவே 11.5 ஆனால் சுமார் 32,000. ஃப்ளோட்டிங் வட்டியில்தான், அதாவது அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டியில்தான் எடுங்கள். அப்படி எடுத்த வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் அதற்கு அபராதம் கிடையாது, ஸ்கோர் தேறியதும் வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இந்த ஊரில் இன்னொரு தலைவலி, காத்தா, அதாவது சொத்து வரிக்காக மாநகராட்சி வைத்திருக்கும் சொத்துப் பதிவு. விதிப்படி முழு அனுமதி இல்லாத சொத்துக்குத் தரும் பி காத்தா என்றால் பெரும்பாலான வங்கிகள் கையே வைக்காது. கொஞ்சம் கொடுக்கிற கம்பெனிகளும் வட்டியை ஏற்றும், ஏற்கெனவே சிபில் சரியில்லாதவருக்கு அது இரட்டை அடி. கே.ஆர்.புரம் பக்கம் விலை மலிவாகத் தெரிகிற வீடு எதையும் இ-காத்தாவை (காத்தாவின் ஆன்லைன் வடிவம்) கண்ணால் பார்க்காமல் பேசாதீர்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன், கடன் கிடைக்காவிட்டால் முழுத் தொகையும் திரும்பத் தரப்படும் என்று அக்ரிமென்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த வரிக்கு மட்டும் முகம் சுளிக்கிற விற்பனையாளர் என்றால் அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.