மரணம் நடந்த அறையைச் சுத்தம் செய்ய ஆள் அமர்த்துவது எப்படி?

ஒரு வீட்டில் கொலையோ தற்கொலையோ மோசமான விபத்தோ நடந்திருக்கலாம். தனியாக வாழ்ந்தவர் இறந்து பல நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்திருக்கலாம். போலீஸ் வந்து, உடலை எடுத்துக்கொண்டு போனபின் அந்த அறை அப்படியேதான் இருக்கும். அதைச் சுத்தம் செய்து தருவது அவர்கள் வேலை இல்லை என்பது பல குடும்பங்களுக்கு அந்த நேரத்தில்தான் தெரிய வருகிறது. பல நாடுகளில் அந்தப் பொறுப்பு வீட்டுக்காரர் மேலோ குடும்பத்தின் மேலோதான் விழுகிறது.

அப்போது இறந்தவரின் தம்பியோ மகளோ வாளியும் துணியுமாக உள்ளே போவார்கள். தயவுசெய்து அதைச் செய்யவிடாதீர்கள். இதற்கென்றே பயிற்சி பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: கதவைச் சாத்துங்கள்

குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ளே போகக் கூடாது. ஏசி, மின்விசிறி இரண்டையும் அணைத்துவிடுங்கள். காற்றோட்டம் நாற்றத்தை மற்ற அறைகளுக்கும் கொண்டுபோகும். போலீஸ் விசாரணை இருந்தால், இடத்தை உங்களிடம் ஒப்படைத்துவிட்டதாக அவர்கள் சொல்லும்வரை எதையும் தொடாதீர்கள். முடிந்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: நீங்களே ஏன் செய்யக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். காரணம் புரிந்தால்தான் நிறுவனத்திடம் என்ன கேட்பது என்பதும் புரியும்.

ரத்தம் காய்ந்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்கிறோம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்திலும் குறைந்தது 7 நாள் தொற்றும் திறனோடு இருக்கும். ஹெபடைடிஸ் சி-யும் உடலுக்கு வெளியே பல நாள் தாங்கும். கையில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலே போதும்.

அடுத்தது, மேலே தெரிகிற கறை உண்மையான அளவு அல்ல. கம்பளத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிகிற ரத்தம் அதன் அடியில் இருக்கும் பஞ்சில் பல மடங்கு பரவியிருக்கும். மரத்தரையின் இடுக்கு, தரை ஓடுகளின் இணைப்பு, சுவரும் தரையும் சேரும் விளிம்பு என்று வழி கிடைத்த இடமெல்லாம் இறங்கும். மேலே துடைத்துவிட்டால் அறை பளிச்சென்று இருக்கும், ஆனால் சில நாளில் நாற்றம் திரும்ப வரும்.

மூன்றாவது, பிளீச். ரத்தத்தின் மேல் நேராக ஊற்றினால் அதிலிருக்கும் புரதமே பிளீச்சின் வீரியத்தைக் குறைத்துவிடும். முதலில் அழுக்கை அகற்ற வேண்டும், அப்புறம்தான் கிருமிநாசினி. அதுவும் தடவியவுடன் துடைத்துவிடாமல், குறிப்பிட்ட நேரம் ஈரமாகவே இருக்கவிட வேண்டும். அமோனியா கலந்த வேறொரு திரவத்தோடு பிளீச் சேர்ந்துவிட்டால் நச்சு வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

இத்தனைக்கும் மேலே, உங்களுக்கு வேண்டியவரின் ரத்தத்தை உங்கள் கையால் துடைத்த நினைவு லேசில் போகாது. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் இதுதான்.

படி 3: போனில் கேட்க வேண்டியவை

இரண்டு மூன்று நிறுவனங்களைக் கூப்பிடுங்கள். நீங்கள் பேசும் நிலையில் இல்லையென்றால், துக்கத்திலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும் ஓர் உறவினரோ நண்பரோ பேசட்டும். சாதாரண வீட்டுச் சுத்தம் செய்கிறவர்களும் “இதையும் செய்வோம்” என்று சொல்வதுண்டு. இந்தக் கேள்விகளைக் கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்:

“உங்கள் ஆட்களுக்கு ரத்தம் வழியாகப் பரவும் நோய்கள் பற்றிப் பயிற்சி உண்டா? ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறார்களா?” தயங்கினால் அடுத்த எண்ணுக்குப் போய்விடுங்கள்.

“கழிவை எங்கே கொண்டுபோவீர்கள்?” மருத்துவக் கழிவைக் கையாள உரிமம் உள்ள இடத்துக்குப் போக வேண்டும், அதற்கு ரசீதும் தர வேண்டும். ரத்தம் ஊறிய மெத்தையைத் தெருக் குப்பையில் போடுகிறவர் உங்கள் ஆபத்தைத் துப்புரவுத் தொழிலாளியின் கைக்கு மாற்றுகிறார், அவ்வளவுதான்.

“வேலையில் யாருக்காவது அடிபட்டால், பொருள் சேதமானால் காப்பீடு இருக்கிறதா?” “பெயர் எழுதாத வண்டியில் வர முடியுமா?” இரண்டாவது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் அக்கம்பக்கத்தார் ஜன்னலோரம் நிற்கும்போது அது பெரிய ஆறுதல்.

படி 4: நேரில் பார்த்தபின் எஸ்டிமேட்

போனிலேயே கறாராக மொத்தத் தொகை சொல்கிறவரை நம்ப வேண்டாம். தரைக்கு அடியில் என்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது. நேரில் வந்து பார்த்து, எதைத் துடைப்பார்கள், எதை வெட்டி எடுப்பார்கள், கழிவுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரட்டும். தரையைத் திறந்தபின் வேலை கூடினால், உங்களிடம் படம் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகே தொடர வேண்டும் என்றும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். “இப்போதே கையெழுத்துப் போடுங்கள்” என்று துக்க வீட்டில் அவசரப்படுத்துகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வீட்டுக் காப்பீடு இருந்தால் வேலை தொடங்குமுன் அந்த நிறுவனத்திடம் பேசுங்கள். சில பாலிசிகளில் இந்தச் செலவு அடங்கும். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு உதவி தரும் நாடுகளும் உண்டு. சுத்தம் செய்வதற்கு முந்தைய படங்கள் தேவைப்படும். அவற்றை நிறுவனத்தாரே எடுக்கட்டும், நீங்கள் பார்க்கவேண்டியதில்லை.

படி 5: எடுத்துவைக்க வேண்டிய பொருட்களின் பட்டியல்

புகைப்படங்கள், நகை, பத்திரங்கள், கடைசியாகக் கட்டிய கைக்கடிகாரம். என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மரம், உலோகம், கண்ணாடி போன்றவற்றைப் பெரும்பாலும் சுத்தம் செய்துவிடலாம். ரத்தம் ஊறிய மெத்தை, தலையணை, சோபா ஆகியவற்றைப் போகவிடத்தான் வேண்டும். எதையும் உங்களைக் கேட்காமல் வீசக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 6: வேலை நடக்கும்போது

நீங்கள் அங்கே இருக்க வேண்டாம். ஒழுங்கான குழு முழு உடலை மூடும் உடை, இரட்டைக் கையுறை, வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் ஆகியவற்றோடு இறங்கும். அழுக்கான பகுதி, உடை மாற்றும் பகுதி, சுத்தமான பகுதி என்று இடத்தை மூன்றாகப் பிரிக்கும். கழிவுப் பைகளில் மூன்று பிறை கோத்தாற்போன்ற அபாயக் குறி இருக்கும். 1966-இல் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் உருவானது அது. நாற்றத்துக்கு ஓசோன் இயந்திரம் வைத்தால், அது ஓடும்போது மனிதரோ பிராணியோ உள்ளே இருக்கக் கூடாது. ஊறிய பொருளை எடுக்காமல் ஓசோன் மட்டும் வைப்பது நாற்றத்தைக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவே.

படி 7: ஒப்படைக்கும்போது

வேலைக்குப் பிந்தைய படங்கள், கழிவு ரசீது, பயன்படுத்திய கிருமிநாசினிகளின் பெயர் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். ஏடிபி சோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். பரப்பைக் குச்சியால் துடைத்து ஒரு கருவியில் வைத்தால் உயிர்ப்பொருள் மிச்சத்தின் அளவை எண்ணாகக் காட்டும். அது வைரஸைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல. ஆனால் சரியாகத் துடைத்தார்களா என்பதைச் சொல்லும்.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள். அறையை மூடிவைத்து, மறுநாள் உங்கள் குடும்பத்தைச் சேராத ஒருவர் திறந்து பார்க்கட்டும். நாற்றம் அடித்தால் எங்கேயோ ஊறல் மிச்சம் இருக்கிறது. அதே நிறுவனத்தை மறுபடி வரச் சொல்லி, அந்த இடத்தைத் திறந்து எடுக்கச் சொல்லுங்கள்.