ஸ்வென் டும்பாவின் ஆட்டக்குறிப்பைப் பிழையில்லாமல் தொகுக்க

முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள். ஸ்வீடனின் ஐஸ் ஹாக்கி வீரரான டும்பா 1931இல் பிறந்தவர். இயற்பெயர் ஸ்வென் யோஹான்சன். ஸ்வீடனில் யோஹான்சன்களுக்குப் பஞ்சமில்லை. அடையாளத்துக்காக, வளர்ந்த ஊரான டும்பாவின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1965இல்தான் அதைச் சட்டப்படி குடும்பப் பெயராக்கினார். பழைய பட்டியல்களில் 'டும்பா' என்று மட்டும் தேடினால் பல ஆட்டங்கள் தவறிப்போகும். 'யோஹான்சன்' என்று தேடினாலோ வேறு ஆட்களும் வந்துசேர்வார்கள். இவர் ஹாக்கியும் கால்பந்தும் ஆடிய யூர்கோர்டன் கிளப்பின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

ஐஸ் ஹாக்கி சீசன் புத்தாண்டைத் தாண்டி நீள்வதால், அது முடியும் ஆண்டையே பட்டத்துக்கு எழுதுங்கள்: 1954, 1955, பிறகு 1958 முதல் 1963 வரை, மொத்தம் 8. கால்பந்தின் முதல்நிலை லீக் 1959இல் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடிந்தது. அந்த ஆண்டு யூர்கோர்டன் இரண்டு ஆட்டத்திலும் சாம்பியன். இரண்டு அணியிலும் இவர் இருந்தார். இரண்டையும் தனித்தனி வரியில் போடுங்கள்.

பதக்கக் கணக்கில்தான் அதிகம் சறுக்குவார்கள். 1968 வரை ஒலிம்பிக் ஹாக்கியே அந்த ஆண்டின் உலகப் போட்டியாகவும் கணக்கானது. ஆகவே 1952 ஓஸ்லோ வெண்கலமும் 1964 இன்ஸ்ப்ரூக் வெள்ளியும் ஒலிம்பிக், உலகப் போட்டி என்ற இரண்டு பட்டியல்களிலும் வரும். கூட்டும்போது ஒருமுறைதான் எண்ண வேண்டும்.

1953, 1957, 1962 உலகத் தங்கங்களுக்குப் பக்கத்தில், வராத அணிகளையும் குறியுங்கள். 1953இல் கனடா வரவில்லை. செக்கோஸ்லோவாக்கியா பாதியில் விலகியது. 1957இல், ஹங்கேரி எழுச்சியைச் சோவியத் படை ஒடுக்கியதைக் கண்டித்து, கனடாவும் அமெரிக்காவும் மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1962இல் போட்டி நடந்த அமெரிக்காவுக்கு வர கிழக்கு ஜெர்மனிக்கு விசா கிடைக்காததால் சோவியத்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் புறக்கணித்தன. இதனால் தங்கம் மங்கிவிடாது: 1957 கடைசி ஆட்டத்தில் சோவியத்துடன் 4-4 என்று சமன் செய்தார்கள், 1962இல் கனடாவை 5-3 என்று வென்றார்கள். இந்த ஸ்கோர்களைத் தவறாமல் சேருங்கள்.

'என்எச்எல் (வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி லீக்) வீரர்' என்று எழுதிவிடாதீர்கள். 1957இல் அந்த லீக்கின் பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் பயிற்சி முகாமுக்குப் போனார். பிறகு ஆடிய 5 ஆட்டங்கள் கியூபெக் ஏசஸுக்கு, அது வேறு லீக். தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அமெச்சூர் தகுதி போய், ஒலிம்பிக் கதவு மூடிவிடும். அதனால் மறுத்தார்.

ஹாக்கி தேசிய அணிக் கணக்கு 245 ஆட்டம், 186 கோல். கிளப் கோல்களை இதில் கலக்கக் கூடாது.

கோல்ஃபுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கலாம்: 1970 ஐசனோவர் கோப்பை அமெச்சூர்களுக்கானது, 1973 உலகக் கோப்பை தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கானது. இரண்டிலும் ஸ்வீடனுக்காக ஆடினார்.