மட்டக்களப்பில் நாலு நாள்: முதலில் காற்று, பிறகு வீடு

கல்லடியில் வாவிப் பக்கமாக என் அக்காவின் வீடு ஒன்று இருக்கிறது. அவர் குடும்பத்தோடு கனடாவில். பூட்டிக் கிடக்கிற வீட்டை ஏழெட்டு வருஷமாக நான்தான் நாள் வாடகைக்குக் கொடுத்து வருகிறேன். போன் எடுப்பவர்கள் முதலில் கேட்பது, "ரூம் எத்தனை, ஏசி இருக்கா?" எந்த மாதம் வருகிறார்கள் என்பது கடைசியில்தான் வாயில் வரும். நான் அதைத்தான் முதலில் கேட்பேன்.

கொழும்பும் காலியும் மழையில் நனையும் மாதங்களில் எங்கள் கிழக்குக் கரைக் கடல் அடங்கிக் கிடக்கும். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை நம்பி வரலாம். ஐப்பசியில் மேகம் கூடத் தொடங்கும். கார்த்திகையும் மார்கழியும் முழு மாரி. ஒரு மார்கழியில் பெரியம்மாவின் மகன் லண்டனிலிருந்து பிள்ளைகளோடு வந்தான். "மழைதானே அண்ணா, பார்த்துக்கொள்ளலாம்" என்றான். மூன்றாம் நாள் வாவித் தண்ணீர் மதிலைத் தாண்டி மாமரத்தடிக்கு வந்துவிட்டது. வாவி கடலில் சேருகிற முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிட்ட பிறகுதான் வடிந்தது. அதுவரை பிள்ளைகள் கரம் போர்ட் விளையாடினார்கள். பெரியவர்கள் நாங்கள் தண்ணீர் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரி, மாரியைத் தவிர்த்துவிட்டீர்கள். அடுத்தது கச்சான் காற்று. ஆனி, ஆடியில் தரைப் பக்கமிருந்து காய்ந்து, சுட்டுக்கொண்டு வரும். கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கூடுதல் காசு கொடுத்திருப்பீர்கள்; கச்சான் பலமாக அடிக்கிற நாளில் காற்று வருவதோ வீட்டின் முதுகுப் பக்கமாக. ஆகவே கூரை ஓடா, கொங்கிரீட் சிலாப்பா என்று கேளுங்கள். சிலாப் போட்ட மேல்மாடி அறையில் இரவு பதினொரு மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடும். ஏசிக்கான கரண்ட் காசு வாடகைக்குள் அடங்குமா, தனியாக மீற்றர் பார்ப்பார்களா என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். வீட்டுக்காரனாக நானே சொல்கிறேன், கிளம்புகிற அன்று வருகிற சண்டைகளில் பாதி இதனால்தான்.

எந்தத் தண்ணீர் பக்கத்தில் தங்குவது என்பது யாரோடு வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பாசிக்குடாதான். கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர். ரயிலில் வருகிறவர்கள் மட்டக்களப்பு வரை வந்து திரும்பிப் போகத் தேவையில்லை. வாழைச்சேனையில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். கல்லடிக் கடல் பார்க்க அழகு, மாலையில் நடக்க இன்னும் அழகு. ஆனால் அலை இழுக்கும், பிள்ளைகளை இறக்காதீர்கள். வாவியில் குளிப்பது பற்றியும் கேட்கிறார்கள். முதலை இருக்கிறது, அவ்வளவுதான்.

இளைஞர்கள் கேட்பது அறுகம்குடா. அது பொத்துவில் பக்கம், அம்பாறை மாவட்டம். கல்முனை, அக்கரைப்பற்று வழியாக இங்கிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். மட்டக்களப்பில் தங்கி ஒரே நாளில் போய் வரலாம் என்று நினைக்காதீர்கள், பஸ்ஸிலேயே பொழுது போய்விடும். அலைச்சறுக்குக்கு உலகமே ஜூலை, ஆகஸ்டில் அங்கே வந்து இறங்குவதால் வாடகையும் ஏறி நிற்கும். அலை தேவையில்லை, அமைதிதான் வேண்டும் என்றால் மே மாதம் போங்கள்.

இன்னொரு நெரிசல் வெளியூர்க்காரருக்குத் தெரிவதில்லை. ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடிகிற மாமாங்கேஸ்வரர் திருவிழா பத்து நாள். அந்த நாட்களில் டவுனில் அறை கிடைப்பது கஷ்டம். திருவிழா பார்க்க வருவதென்றால் மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் தேதியை மாற்றுங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா தினம் சனி ஞாயிறோடு ஒட்டி வந்தாலும் இதே கதைதான்.

அட்வான்ஸ் அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ கேளுங்கள். அறையை அல்ல, குளியலறைக் குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடலோரக் கிணறுகள் சிலவற்றில் உப்புக் கலந்திருக்கும், சவர்க்காரம் நுரைக்காது. ஒருமுறை நானே குடும்பத்தோடு வேறு ஊரில் ஒரு கடலோர வீட்டை எடுத்துவிட்டேன்; மனைவியும் மகளும் மூன்று நாளும் போத்தல் தண்ணீரில் தலை முழுகினார்கள். நுளம்பு வலை உண்டா என்பதும் முக்கியம், வாவிப் பக்கமென்றால் இரட்டிப்பு முக்கியம். ஆறு மணிக்கு ஜன்னலை மூடாதவன் அன்றிரவு தூங்கமாட்டான்.

சமையலறை உள்ள வீடாக எடுங்கள். காலையில் சந்தைக்குப் போய் நண்டும் இறாலும் வாங்கி வந்து, முருங்கையிலை போட்டு ஒரு நண்டுக் குழம்பு வைத்தால் அந்த ஒரு சாப்பாட்டுக்கே வந்த செலவு சரி. பிட்டு வெளியே வாங்கலாம். சட்டித் தயிர் எருமைப் பாலில் உறைந்ததா என்று கேட்டு வாங்குங்கள். சட்டியைச் சரித்தால் அசையக் கூடாது.

வருகிற நாட்களில் ஒன்று பௌர்ணமியை ஒட்டி இருந்தால் நல்லது. ஓடக்காரர் ஒருவரைப் பிடித்து, ஊர் அடங்கிய பிறகு கல்லடிப் பாலத்தடிக்குப் போங்கள். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் அது. 2013இல் திறந்த புதுப்பாலம் பக்கத்திலேயே நிற்கிறது. ஓடத்தை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையைக் காதோடு ஒட்டிப் பிடியுங்கள். மீன் பாடுகிறது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிற சத்தம் அதுதான். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் கேட்காது. பேசாமல் இருங்கள், போனையும் அணைத்துவிடுங்கள்.