வம்சாவளியை இணையத்தில் ஏற்றும்போது செய்யக் கூடாத தவறுகள்

நாலு வருஷம் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, பழைய பத்திரங்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் புரட்டிச் சேர்த்த வம்சாவளியை, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கூகுள் டிரைவ் லிங்க்காகப் போட்டேன். லிங்க் கையில் இருக்கிற யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்ற அமைப்பில்தான், ஏனென்றால் அதுதான் சுலபம். அடுத்த வாரமே ஒரு கல்யாணத் தரகர் சித்தப்பாவுக்குப் போன் செய்து, அவர் மகளின் பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம் எல்லாவற்றையும் ஒப்பித்து, "பொண்ணுக்கு வரன் பார்க்கிறீங்களாமே" என்றிருக்கிறார். அவள் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சித்தப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

முதல் தவறு அந்த லிங்க்தான். குழுவில் இருப்பது முப்பது பேர், ஆனால் ஃபார்வர்ட் ஆன பிறகு எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. பார்க்க வேண்டியவர்களின் மின்னஞ்சல் முகவரியைத் தனித்தனியாகச் சேருங்கள், பார்வையாளர் என்ற அளவில் நிறுத்துங்கள், பகிர்வு அமைப்பிலேயே பதிவிறக்கத்தையும் நகலெடுப்பதையும் அனுமதிக்கிற ஒரு டிக் இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை இது தடுக்காது. அப்புறம், ஏற்கெனவே பகிர்ந்து வைத்திருக்கிற ஃபோல்டருக்குள் புதுக் கோப்பைப் போட்டால் அதுவும் அத்தனை பேருக்கும் தெரியும், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் என்னுடைய பெரிய தவறு லிங்க் இல்லை. செத்துப்போனவர்களையும் இருப்பவர்களையும் ஒரே கோப்பில் வைத்தது. கொள்ளுத்தாத்தா எந்த ஊரில் பிறந்தார் என்பது ஊருக்கே தெரியட்டும். உயிரோடு இருப்பவருடைய பிறந்த தேதியும் அம்மா பெயரும் வேறு விஷயம், வங்கி வாடிக்கையாளர் சேவையில் "நீங்கள்தானா" என்று சரிபார்க்கக் கேட்பதே அந்த இரண்டையும்தான். நம் வீடுகளில் இதோடு பிறந்த நேரத்தையும் நட்சத்திரத்தையும் வேறு சேர்த்து எழுதி வைக்கிறோம்.

வம்சாவளித் தளங்கள் இந்தப் பிரிவினையைக் கொஞ்சம் செய்து தருகின்றன, எப்படிச் செய்கின்றன என்று பார்க்காமல் நம்பக் கூடாது, அவ்வளவுதான். ஃபேமிலிசர்ச்சில் இருப்பது உலகத்துக்கே பொதுவான ஒரே குடும்ப மரம். இறந்தவர் பக்கத்தை முன்பின் தெரியாத ஒருவர்கூடத் திருத்தலாம். உயிரோடு இருப்பவரின் பக்கம் அதைச் சேர்த்தவருக்கு மட்டும் தெரியும் என்பது அடிப்படை விதி. எங்கேயோ இருக்கிற பெரியம்மாவை, தகவல் சரியாகத் தெரியாமல் "காலமானார்" என்று குறித்துவிட்டால் அவர் விவரமெல்லாம் பொதுவில் வந்துவிடும். ஆன்செஸ்ட்ரியில் வேறு மாதிரி. மரத்தை பிரைவேட் என்று வைத்தாலும் அதில் உள்ள இறந்தவர்களின் பெயரும் பிறந்த ஆண்டும் ஊரும் தேடலில் எட்டிப் பார்க்கும், அதையும் மறைக்க இன்னொரு டிக் தனியாக உண்டு. ஆட்களை அழைக்கும்போது கெஸ்ட், கான்ட்ரிப்யூட்டர், எடிட்டர் என்று மூன்று நிலை இருக்கிறது. மரியாதைக்காக எல்லா மாமாவுக்கும் எடிட்டர் கொடுத்துவிடாதீர்கள். எடிட்டரால் ஆட்களைச் சேர்க்கவும் மாற்றவும் முடியும், உயிரோடு இருப்பவர்களின் விவரத்தையும் பார்க்க முடியும்.

இதெல்லாம் சரி செய்துவிட்டு ஜெட்காம் கோப்பில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். வம்சாவளி மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று தகவல் மாற்றிக்கொள்ளும் கோப்பு அது, உள்ளே இருப்பது வெறும் எழுத்து. நோட்பேடில் திறந்து பாருங்கள். குறிப்புப் பெட்டியில் நீங்கள் உங்களுக்காக எழுதிக்கொண்ட "தத்துப்பிள்ளை, பையனுக்கு இன்னும் சொல்லவில்லை" என்ற வரி அப்படியே உட்கார்ந்திருக்கும். தளத்தில் நீங்கள் போட்ட பூட்டு எதுவும் கோப்போடு போகாது, கொடுத்த பிறகு திரும்ப வாங்கவும் முடியாது. பெரும்பாலான மென்பொருள்களில் ஏற்றுமதி செய்யும்போது உயிரோடு இருப்பவர்களையும் தனிக் குறிப்புகளையும் விட்டுவிடச் சொல்லலாம். சொன்ன பிறகும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

டிஎன்ஏ முடிவை ஏற்றுவதற்கு முன் இன்னும் யோசிக்க வேண்டும், அதில் பாதி உங்கள் அண்ணன் தங்கையுடையதும்கூட. 2018இல் கலிஃபோர்னியாவில் பல வருடம் சிக்காத ஒரு தொடர் கொலையாளியைப் போலீஸ் பிடித்தது, ஜெட்மேட்ச் மாதிரி, டிஎன்ஏ முடிவை ஏற்றிச் சொந்தம் தேடுகிற தளங்களில் அவனுடைய தூரத்துச் சொந்தக்காரர்கள் ஏற்றியிருந்த டிஎன்ஏவை வைத்துத்தான். நல்ல காரியம், ஆனால் சொந்தக்காரர்களை யாரும் அனுமதி கேட்கவில்லை. 2023இல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்தில் நேரடியாக உடைக்கப்பட்டவை சுமார் 14,000 கணக்குகள்தான். வேறு தளங்களில் கசிந்த அதே பாஸ்வேர்டை இங்கேயும் வைத்திருந்தவர்கள். சொந்தங்களைக் காட்டும் வசதி வழியாக ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரம் போனது.

சித்தப்பா சண்டைக்குப் பிறகு நான் பயந்து எல்லாவற்றையும் பூட்டி வைத்தேன், ஒரு வருஷம். அதுவும் தவறுதான். 1860இலிருந்து 1911 வரை சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் பதிவேட்டில் பெயர், அப்பா பெயர், ஊர், தாலுகா எல்லாம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு டர்பனில் ஒருவர் இங்கே தேடினால், நாம் இறந்தவர்களைத் திறந்து வைத்திருந்தால்தானே கண்ணில் படுவோம்? எங்கள் மரத்தில் "கப்பலேறிப் போனான்" என்று மட்டும் பாட்டி சொன்ன ஒருவர் இருக்கிறார். அவர் பெயரும் அப்பா பெயரும் ஊரும் இப்போது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருக்கிறது. அவருடைய தம்பி வழியில் வருகிற சித்தப்பா வீட்டுக் கிளைக்கு மட்டும் பூட்டு.