பழைய ராட்டினத்தை நல்ல விலைக்கு விற்பது எப்படி? சிறு பூங்காக்காரர்களுக்கு ஒரு செய்முறை

கூட்டம் குறைந்து சும்மா நிற்கும் ராட்டினத்தைத் தேடி இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். பொருட்காட்சி, திருவிழாக்களில் ராட்டினம் போடுபவர் ஒருவர்; காயலான் கடைக்காரர் இன்னொருவர். முன்னவரிடம் விற்க வேண்டுமானால், அவர் வருவதற்குள் முடிக்க வேண்டிய வேலைகள் இவை.

முதலில் அடிவிலை. மொத்த எடை 8 டன், இரும்பு கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,40,000 ரூபாய். அதில் வெட்டுக்கூலி, ஏற்றுகூலி, வண்டி வாடகையைக் கழியுங்கள். அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. மோட்டாரில் இருக்கும் செம்பைத் தனியாகக் கணக்கிடுங்கள். பலர் இரும்போடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

அடுத்தது சோதனை. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. புது பெயின்டைக் கண்டதுமே விவரம் தெரிந்தவருக்குச் சந்தேகம் வந்துவிடும், ஏனென்றால் விரிசலை மறைக்கச் சுலபமான வழி அதுதான். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ஊசல் ராட்டினம் முறிந்து விழுந்து 2 பேர் இறந்தார்கள். கொலம்பஸ் கப்பல் மாதிரி முன்னும் பின்னும் ஆடும் ராட்டினத்துக்கு வெல்டிங் சோதனை அறிக்கை கேட்கிறவரைக் குறை சொல்ல முடியாது.

தூக்குக் கை, ஷாஃப்ட் தாங்கி, கோண்டோலா (ஆட்கள் உட்காரும் கூண்டு) மாட்டும் காது ஆகிய இடங்களில் வெல்டிங்குக்கு இருபுறமும் சுமார் 25 மில்லிமீட்டர் பெயின்டைச் சுரண்டி எடுங்கள். கிரைண்டரை அழுத்தி ஓட்டினால் உலோகம் இழுபட்டு விரிசலின் வாய் மூடிக்கொள்ளும், சோதனையில் ஒன்றும் தெரியாது. கெமிக்கல் ரிமூவர் நல்லது. துடைத்த இடத்தில் டை பெனிட்ரன்ட் (விரிசலுக்குள் இறங்கும் சிவப்புச் சாயம்) அடித்து 10 முதல் 20 நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, சாயத்தை வெளியே இழுக்கும் டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். ஷாஃப்டுக்கும் பின்னுக்கும் இது போதாது; அவற்றுக்கு உள்ளே இருக்கும் விரிசலை ஒலி அலையால் காட்டும் அல்ட்ராசோனிக் சோதனை வேண்டும். சான்றிதழ் பெற்றவரை வைத்துச் செய்தால்தான் அறிக்கைக்கு மதிப்பு. முக்கியக் கையில் விரிசல் இருந்தால் அந்த ராட்டினம் காயலான் கடைக்குத்தான். அதையும் நீங்களே துண்டு போட்டு அனுப்புங்கள். முழுசாகப் போனால் வேறு ஊரில் எழுந்து நிற்கும்.

415 வோல்ட் மோட்டாரை 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) பாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் பெரும்பாலும் ஈரம்தான். உலர்த்திவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி கருவியில் வைத்திருக்கும் செட்டிங்குகளைக் கழற்றுமுன் எழுதி வையுங்கள். இருக்கையில் ஆளைப் பிடிக்கும் லாக் பாரின் சென்சாரை ஜம்பர் வயர் போட்டு வேலை செய்யவிடாமல் ஓட்டியிருந்தால் அதை எடுத்துச் சரிசெய்த பிறகே ஓட்டிக் காட்டுங்கள். தயாரிப்பாளர் தகடு, பராமரிப்புப் பதிவேடு, அஸ்திவார போல்ட் இடைவெளி வரைபடம் மூன்றும் ஒரே கோப்பில் இருக்கட்டும். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் தடையில்லாச் சான்று வாங்காமல் முன்பணம் வாங்காதீர்கள்.

பில் போடுவதற்கு முன் ஆடிட்டரைக் கேளுங்கள். வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்திருந்தால், ஜிஎஸ்டி சட்டப் பிரிவு 18(6) குறுக்கே வரும். எடுத்த வரியில் வாங்கிய நாளிலிருந்து காலாண்டுக்கு 5 சதவீதம் கழித்த மீதி, விற்பனை விலைக்கான வரி, இந்த இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். பேரம் முடிந்த பிறகு இது தெரிந்தால் லாபமே போய்விடும்.

கழற்றும்போது ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் ஒரே எண்ணைப் பஞ்ச் செய்யுங்கள். ஜெயண்ட் வீலில் கோண்டோலாக்களை எதிரெதிர் ஜோடியாகத்தான் இறக்க வேண்டும். ஒரு பக்கமாக இறக்கினால் கனமான பக்கம் தானாகக் கீழே சுற்றும். கீழே நிற்கும் ஆளுக்கு விலக நேரம் கிடைக்காது. தலையில் 8.8, 10.9 என்று தரம் குறித்த உறுதியான போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம் என்று வாங்குபவரிடம் எழுத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மீதிப் பணம் கணக்கில் ஏறிய பிறகே லோடு. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேலும், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேலும் இ-வே பில் (சரக்கு ஏற்றிச் செல்ல ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு) தேவை. அது செல்லுபடியாகும் காலம், சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கு. அளவு மீறிய சரக்குக்கு 20 கிலோமீட்டர்தான். பில் போடும்போது சரக்கு வகையைச் சரியாகக் குறியுங்கள்.

வண்டி கிளம்பியதும் மின்வாரியத்தில் ஒப்பளிக்கப்பட்ட மின்பளுவைக் குறைக்க விண்ணப்பியுங்கள். இல்லாத ராட்டினத்துக்கு நிலைக்கட்டணம் போய்க்கொண்டே இருக்கும்.