ஹெட்செட் இருக்கட்டும், முதலில் சாக்பீஸை எடுங்கள்

எக்ஸ்ஆர், அதாவது ஹெட்செட்டிலோ போனிலோ கணினி உருவாக்கிய காட்சியைக் காட்டும் தொழில்நுட்பம், கற்க எந்த லேப்டாப் வாங்கலாம், அதற்கான மென்பொருள் யூனிட்டியா அன்ரியலா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆறு மாதம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளிவிட்டு, தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றிப் பறப்பது போல ஒன்றைச் செய்து அத்தைக்கு ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். கருவறைக் கோபுரத்தின் பாதி உயரம்கூடப் போகவில்லை, "கழட்டுடா, குமட்டுது" என்றார். கண் பறக்கிறோம் என்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்போ நாற்காலியில்தானே இருக்கிறோம் என்கிறது, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வயிறு புரளும். அதனால் பார்ப்பவரைக் கேட்காமல் கேமராவை நகர்த்தாதீர்கள். வேறு இடத்துக்குப் போகவேண்டுமா, அவரே தரையில் ஓர் இடத்தைச் சுட்டட்டும், சட்டென்று அங்கே தாவச் செய்யுங்கள்.

பெயர்களில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். விஆர் உங்களை வேறு இடத்தில் கொண்டுபோய் வைக்கும், ஏஆர் உங்கள் கூடத்தில் ஒரு பொருளைக் கொண்டுவந்து வைக்கும், எம்ஆரில் அந்தப் பொருளுக்கு உங்கள் மேசையும் சுவரும் எங்கே என்று தெரிந்திருக்கும். மூன்றுக்கும் சேர்த்துப் பொதுப்பேர் எக்ஸ்ஆர்.

சரி, எதைச் செய்வது? கோயில், அணை என்று பெரிதாகப் போகாமல் ஒருவர் ஒரே இடத்தில் உட்கார்ந்து கையால் செய்கிற வேலையை எடுங்கள். நான் சுவாமிமலை உலோகச் சிலை வார்ப்பை எடுத்தேன். மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடிப்பார்கள், அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைப்பார்கள், சூடேற்றி மெழுகை வெளியே ஓடவிட்டு அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் அச்சை உடைப்பார்கள். தொடக்கம், நடு, முடிவு எல்லாம் அதிலேயே இருக்கிறது, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். (பட்டறையில் கேட்டுவிட்டுப் படமெடுங்கள், சும்மா போய் நிற்காதீர்கள்.) அங்கே மெழுகைத் தொடும் முன்பே தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்வார்கள், ஒடியோலை என்று பேர். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

மொட்டைமாடிக்குப் போய் நடுவில் உட்கார்ந்து, கை எட்டும் தூரத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள், சுமார் 60 சென்டிமீட்டர் வரும். தொடவேண்டியதெல்லாம் அதற்குள். ஒன்றரை, இரண்டு மீட்டரில் இன்னொரு வட்டம், படிக்கவேண்டிய எழுத்து அங்கே, ஏனென்றால் ஹெட்செட் லென்ஸ்கள் ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் குவிந்திருக்கும், எழுத்தை மூக்கருகே கொண்டுவந்தால் கண் வலிக்கும். அட்டைப்பெட்டிதான் உலை, சப்பாத்தி மாவு மெழுகு. வீட்டில் யாரையாவது நடுவில் உட்காரவைத்துவிட்டு, அவர் கண் எங்கே போகிறது, கை முதலில் எதை எடுக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முதுகுப் பக்கம் இருப்பதை யாரும் தானாகத் திரும்பிப் பார்ப்பதில்லை, அங்கிருந்து ஓர் உளிச் சத்தம் வந்தால் உடனே திரும்புவார்கள். உயரத்தையும் பாருங்கள். ஸ்தபதி தரையில் உட்கார்ந்திருப்பார், பார்ப்பவர் நின்றால் அரைக்கிலோ ஹெட்செட்டோடு குனிந்தே இருக்கவேண்டும், கழுத்து போய்விடும். அவரையும் உட்காரவையுங்கள்.

இதற்கப்புறம் மென்பொருள். பிரவுசரில் ஓடும் விஆர் காட்சிகளை எழுத உதவும் எ-ஃப்ரேம் இலவசம், நோட்பேடும் பிரவுசரும் போதும், அதில் ஓர் அலகு என்றால் ஒரு மீட்டர், ஆகவே சாக்பீஸ் அளவை அப்படியே எழுதிவிடலாம். பொருட்களை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்து ஜிஎல்பி என்ற வகைக் கோப்பாக ஏற்றுங்கள். இரண்டு மூன்று சின்ன வேலை முடித்தபின் யூனிட்டியோ, அதுபோன்ற இன்னொரு மென்பொருளான கோடோவோ பார்த்துக்கொள்ளலாம். ஹெட்செட் நொடிக்கு 72 படம் காட்டவேண்டும் என்றால் ஒரு படத்துக்கு 14 மில்லிவினாடிகூடக் கிடையாது, அதனால் வடிவங்களில் நுணுக்கத்தைக் குறைத்து இளைக்கவைத்து, நிழலை முன்கூட்டியே படத்தில் பதித்துவிடுங்கள்.

ஏஆர் செய்கிறவர்களுக்கு ஒன்று. போன் கேமரா தரையில் உள்ள புள்ளி, கீறல், நிற வேறுபாட்டை வைத்துத்தான் தரையைக் கண்டுபிடிக்கிறது. நம் வீட்டுப் பளபள சிவப்புத் தரையிலும் தண்ணீர் நிற்கிற வயலிலும் பொருள் வழுக்கிக்கொண்டே போகும், கோலம் போட்ட வாசலில் கச்சிதமாக நிற்கும். ஹெட்செட்டை லென்ஸ் மேலே பார்க்கத் திண்ணையில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகாதீர்கள், வெயில் லென்ஸ் வழியாக உள்ளே குவிந்து திரையைக் கருக்கிவிடும்.

யாரிடமாவது சோதிக்கும்போது வாயைத் திறக்காதீர்கள், "அதைப் பிடிங்க" என்று ஒருமுறை சொன்னாலே சோதனை கெட்டது. எங்கள் வீட்டில் அச்சை உடைத்துச் சிலையை எடுத்த எல்லாருமே முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுத் திருப்பி முதுகைத்தான் பார்த்தார்கள். நான் முதுகு செய்யவே இல்லை.