அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பானை

கிறிஸ்தவர்களில் யாரைக் கேட்டாலும் ஆண்டவருக்குத்தான் முதலிடம் என்பார்கள், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மாதக் கடைசியில் ஜிபே கணக்கைத் திறந்து பார்த்தால் பிரியாணி, மொபைல் ரீசார்ஜ், பெட்ரோல் எல்லாம் முடிந்து அவர் எங்கோ ஏழாவது இடத்தில் நிற்பார். இதற்குத் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் வீட்டில் இருந்த பழைய வைத்தியம் கைப்பிடி அரிசி, அதாவது சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்துவைப்பது. உங்கள் வீட்டில் அதை எப்படி ஆரம்பிப்பது என்று சொல்கிறேன், செலவு ஒன்றும் இல்லை.

மூடி உள்ள ஒரு பானையோ பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலோ போதும். அதை அரிசி டிரம்முக்குப் பக்கத்திலேயே, கைக்கு எட்டுகிற மாதிரி வையுங்கள். பக்தியாக இருக்கட்டும் என்று ஹாலில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டே நாளில் மறந்துபோகும். நானே அப்படி வைத்து மறந்தவன்தான்.

சமைக்கும்போது அந்த வேளைக்கு வேண்டிய அரிசியை முதலில் டம்ளரில் அளந்துவிடுங்கள். பிறகு, களைவதற்கு முன்னால், அளந்ததிலிருந்தே ஒரு பிடி எடுத்துப் பானையில் போடுங்கள். இந்த வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. மூட்டையிலிருந்து எடுத்தால் வீட்டில் யாருக்கும் எதுவும் குறையாது, அளந்ததிலிருந்து எடுத்தால் ராத்திரி ஒரு கரண்டி சோறு குறையும், அந்தக் குறைவுதான் காணிக்கை. எடுத்துவிட்டு ஐயோ போதாதே என்று மூட்டைக்குள் மறுபடி கை விடாதீர்கள்.

வீட்டில் பொன்னி சாப்பிட்டுக்கொண்டு பானைக்கு மட்டும் ரேஷன் அரிசி போடுவதும் கூடாது. பலிக்கு ஊனமான ஆட்டைக் கொண்டுவந்தவர்களிடம், இதை உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார், வாங்கிக்கொள்வானா என்று வேதாகமத்தின் மல்கியா புத்தகத்தில் கேட்கிற கேள்வி இங்கேயும் பொருந்தும்.

சரி, இதில் எவ்வளவு தேறும்? ஒரு பிடி 40 கிராம், இருவேளைச் சமையல் என்று வைத்தால் மாதம் 2.4 கிலோ. கிலோ 60 ரூபாய் என்றால் 144 ரூபாய். இதை இரண்டு நொடியில் ஜிபேயில் அனுப்பிவிடலாமே என்று என் மகன் கேட்டான். அனுப்பலாம்தான், ஆனால் அதில் ஒரு தடவைதான் நினைப்போம். பானைக்கு மாதம் 60 தடவை கை போகும், மனசும் கூடவே போகும்.

சின்னக் கணக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. மிசோரமின் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910இலிருந்து இதைச் செய்கிறார்கள், வீடு வீடாகச் சேர்கிற அரிசியை விற்றே ஊழியங்களைத் தாங்குகிறார்கள். நம் பக்கத்து வேதநாயகம் சாமுவேல் அசரியா, பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர், 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் தமிழ்நாட்டுக் கரையிலுள்ள தொண்டிக்கு ஊழியர் அனுப்புவதைப் பார்த்தார். வெள்ளைக்காரர் பணத்துக்குக் காத்திருக்காமல் நாமும் செய்யலாமே என்று, அடுத்த வருஷமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பமானது.

அளவு பற்றி ஒன்று. மாதக் கடைசியில் டிரம்மின் அடி தெரியும்போது அம்மாவின் பிடி சுருங்கிவிடும், விரல்கள் பாதி மடங்கிப் பத்து இருபது அரிசிதான் விழும். ஆனால் ஒரு நாளும் விட்டதில்லை. எருசலேமில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்த இயேசு, ஏழை விதவை போட்ட இரண்டு காசைத்தான் எல்லாவற்றிலும் பெரிதென்றார். சுவிசேஷத்தில் இதைச் சொல்கிற மாற்கு அந்த இரண்டு காசும் சேர்ந்து ஒரு துட்டுதான் என்று மதிப்பையும் எழுதிவைத்திருக்கிறார். அதனால் பிடி சின்னதாகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள்.

விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடுகிற எங்கள் ஊர் அறுப்பின் பண்டிகையில் ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரம் ரூபாயைத் தாண்டும், அதுவும் இரண்டு குடும்பங்கள் போட்டியில் இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். எனக்கு அந்த ஏலம் பிடிக்கும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே கைதட்டுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறோம். பானைக்குக் கைதட்ட ஆளில்லை, அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாமல் இருந்தால் போதும்.

நூறத்தனையாய்த் திரும்பி வரும் என்று யாராவது பிரசங்கித்தால் நம்பி இறங்காதீர்கள், இது சீட்டுக் கட்டுவது இல்லை. அப்பா அம்மாவின் மாத்திரைக் காசைத் தொட்டும் கொடுக்க வேண்டாம். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு கடிந்துகொண்டார்.

மற்றபடி சில்லறை விஷயங்கள். வண்டு வராமலிருக்க இரண்டு காய்ந்த மிளகாயோ ஒரு துண்டு வசம்போ போடுங்கள். ராத்திரி சப்பாத்தி, இட்லி என்று போகிற வீட்டில் மாவையோ ஊறவைக்கிற அரிசியையோ கணக்கில் எடுக்கலாம். பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கையால் போடவிடுங்கள், பாதி தரையில் சிந்தும், பரவாயில்லை. உங்கள் சபையில் அரிசி வாங்குகிற வழக்கம் இல்லையென்றால் பக்கத்து விடுதிக்கோ முதியோர் இல்லத்துக்கோ மாதம் ஒரு நாள் நேரே கொண்டுபோங்கள். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டு பிடி போட்டு ஈடுகட்ட வேண்டியதில்லை, ஒன்று போதும்.

திடீரென்று விருந்தாளி வந்து, அரிசி போதாமல், கடையும் பூட்டியிருந்தால்? எங்கள் வீட்டில் ஒரு தடவை அப்படி ஆனது. அம்மா கொஞ்ச நேரம் பானையைப் பார்த்தாள், பிறகு திறந்து, வேண்டியதற்கு மேலாகவே அள்ளி உலையில் போட்டாள். மறுநாள் திருப்பிப் போட்டாளா என்று எனக்கு நினைவில்லை.